மீடியம் வேவில் பாட்டு ஓய்ந்த பிறகு: 1215, 648, 1440 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீடியம் வேவில் ஒலிக்கும் ஏஎம் வானொலி நிலையங்கள் உலகெங்கும் மூடப்பட்டு வருகின்றன. இந்தப் பக்கம் பிரிட்டனை மையமாக வைத்துப் பேசுகிறது. அங்கே எந்த அலைவரிசை எண்ணில் யார் வந்தார்கள், எந்த நாளில் போனார்கள் என்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஓர் அலைவரிசை எப்படிக் கைவிடப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. இடையிடையே நம் ஊர் எண்களும் வரும்.

1215 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கு என்ன அப்படி ஒரு சிறப்பு?

ஒரே எண்ணில் நான்கு தலைமுறைப் பாட்டு ஓடியது. முதலில் அது 1214. அதன் அலைநீளம் 247 மீட்டர். பிபிசியின் மெல்லிசைச் சேவையான லைட் புரோகிராம் அதில் இருந்தது. 1967 செப்டம்பர் 30 அன்று பாப் பாடல்களுக்கென்றே தொடங்கிய ரேடியோ 1 அதை எடுத்துக்கொண்டது. 1978 நவம்பர் 23 அன்று, நாடுகளுக்கு அலைவரிசைகளைப் பங்கிடும் ஜெனீவாத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பாவின் மீடியம் வேவ் எண்கள் எல்லாம் ஒன்பதால் வகுபடும்படி நகர்த்தப்பட்டன. 1214 அன்று 1215 ஆனது. ரேடியோ 1 அங்கிருந்து 1053, 1089க்குப் போனது. செவ்வியல் இசைக்கான ரேடியோ 3 அந்த இடத்துக்கு வந்தது, 1992 பிப்ரவரி இறுதிவரை இருந்தது.

1993 ஏப்ரல் 30 அன்று, எண்ணுக்குப் பொருத்தமாகப் பகல் 12:15க்கு, விர்ஜின் 1215 என்ற ராக் இசை நிலையம் தொடங்கியது. 2008இல் அதன் பெயர் அப்சல்யூட் ரேடியோ ஆனது. 2023 ஜனவரியில் அது ஏஎம்மை நிறுத்திவிட்டு டிஜிட்டலோடும் இணையத்தோடும் நின்றுகொண்டது.

இதே 1215 புதுச்சேரி வானொலிக்கு ஒதுக்கப்பட்ட எண்ணும்கூட. அந்த 1053 தூத்துக்குடி நிலையத்தின் எண். 200 கிலோவாட் திறனோடு இலங்கையை நோக்கிப் பேசியது அதுதான். தூரம் போதுமான அளவு இருந்தால் ஓர் எண்ணை எத்தனை நாடுகளும் பகிர்ந்துகொள்ளலாம்.

1993இலேயே எஃப்எம் இருந்ததே. ராக் இசையைக் கொண்டுபோய் ஏஎம்மில் ஏன் வைத்தார்கள்?

சட்டம் அப்படி. 1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் மூன்று தேசிய வணிக உரிமங்களுக்கு வழிவிட்டது. மூன்றில் எஃப்எம் கிடைத்தது ஒன்றுக்குத்தான். அந்த ஒன்றும் பாப் அல்லாத இசைக்கே என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். 1992 செப்டம்பர் 7 அன்று கிளாசிக் எஃப்எம் அதில் வந்து உட்கார்ந்தது. ராக் நிலையத்துக்கு மிஞ்சியது ஏஎம் மட்டுமே. அதற்கே ஆண்டுக்குச் சுமார் 18.8 லட்சம் பவுண்டு தருவதாக ஏலம் கேட்டுத்தான் விர்ஜின் பெற்றது. மூன்றாவது உரிமம் பேச்சுக்கானது. ரேடியோ 1 1994 ஜூலை 1 அன்று ஏஎம்மை விட்டதும் அதன் 1053, 1089 இரண்டும் இந்த மூன்றாம் உரிமத்துக்குப் போயின. 1995 பிப்ரவரி 14 அன்று டாக் ரேடியோ தொடங்கியது. பிற்பாடு அது டாக்ஸ்போர்ட் ஆனது.

“கேட்பவர்கள் விலகினார்கள், அதனால் பாட்டு நின்றது” என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1053, 1089 விஷயத்தில் அது சரியல்ல. பாட்டை அங்கிருந்து வெளியே அனுப்பியது உரிம நிபந்தனை.

விர்ஜினுக்குக் கேட்பவர்கள் குறைந்தது எப்போது?

1995 ஏப்ரலில் லண்டனுக்கு மட்டும் 105.8 எஃப்எம் கிடைத்தது. அதிகப் பேர் வாழும் நகரத்தில் அதே நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்த பிறகு, அங்கே 1215ஐத் திருப்பக் காரணம் இல்லாமல் போனது. பிறகு டிஜிட்டல் வானொலி வந்தது. கார்களில் ஏஎம் பொத்தான் மறையத் தொடங்கியது. கேட்பவர்களை இழுத்ததும் அதே நிலையத்தின் வேறு வடிவம்தான். போட்டியாளர் யாரும் அந்த ஏஎம்மை வீழ்த்தவில்லை.

ஏஎம்மில் பாட்டு ஏன் கம்பளிக்குள் இருந்து கேட்பது போல இருக்கிறது?

இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். ஏஎம்மில் ஒரே ஒலி, அதைச் சுமந்து செல்லும் அலையான கேரியருக்கு இருபுறமும் ஒரு முறை போகிறது. ஆகவே கணக்குப்படி ஒலிக்குக் கிடைப்பது 4.5 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம்மில் 15 வரை போகலாம்.

இன்னொரு வெட்டு உங்கள் கையிலேயே நடக்கிறது. பக்கத்து நிலையத்தின் சீழ்க்கை வராமல் இருக்க மலிவான ரேடியோக்களில் ஒரு நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஐஎஃப் வடிகட்டி 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலியை அறுத்துவிடும். ஜால்ராவின் கிணுகிணுப்பு, ‘ச’ என்ற எழுத்தின் காற்று, தம்புராவின் மேல் சுரங்கள் எல்லாம் அதற்கு மேலேதான் வாழ்கின்றன. பேச்சுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் போதும், அதனால்தான் செய்தியும் கிரிக்கெட் வர்ணனையும் ஏஎம்மில் குறையாகத் தெரிவதில்லை. நிலையம் எவ்வளவு நல்ல ஒலியை அனுப்பினாலும் பயனில்லை, அதை வாங்கிக்கொள்ளும் ரேடியோவைத் தயாரிப்பவர்கள் செய்வதை விட்டுவிட்டார்கள்.

உங்கள் ரேடியோவில் அகலத்தை மாற்றும் வசதி இருந்தால், பகலில் ஓர் உள்ளூர் நிலையத்தை 2.3 கிலோஹெர்ட்ஸிலும் 6 கிலோஹெர்ட்ஸிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

ஸ்டீரியோ கொண்டுவந்து காப்பாற்றியிருக்கலாமே?

அமெரிக்காவில் முயன்றார்கள். 1982இல் அங்குள்ள ஆணையம் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்காமல் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத முறைகள் மோதின. எந்த ரேடியோவை வாங்குவது என்று மக்களுக்கும், எதைத் தயாரிப்பது என்று நிறுவனங்களுக்கும் தெரியவில்லை. 1993இல் சி-குவாம் முறைதான் என்று முடிவானபோது பாட்டு கேட்பவர்கள் எஃப்எம்முக்குப் போய் முடிந்திருந்தது. பாப் பாடல்களுக்குப் பேர்போன நியூயார்க்கின் டபிள்யூஏபிசி, 770 கிலோஹெர்ட்ஸில் பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியது 1982 மே 10 அன்று. ஸ்டீரியோ குழப்பம் தொடங்கிய அதே ஆண்டு.

மூடுவதற்கு உண்மையான காரணம் மின்கட்டணமா?

பெரும்பகுதி ஆம். கணக்கைப் பாருங்கள். ஏஎம்மில் கேரியர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் அது நிற்காது. 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 80 சதவீதச் செயல்திறன் என்று வைத்துக்கொண்டால், ஒரு சத்தமும் இல்லாமலே 250 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 6,000 யூனிட். முழு அளவில் ஒலி ஏறினால் இதற்கு மேல் பாதி வரை கூடும். ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கேரியரைக் குறைக்கும் முறைகள் இருக்கின்றன, மிச்சமும் பிடிக்கின்றன. ஆனால் நாடு முழுக்க மூர்சைட் எட்ஜ், டிராய்ட்விச், புரூக்மன்ஸ் பார்க், வாஷ்ஃபோர்ட், வெஸ்டர்கிளென் என்று பல கோபுரங்களை நடத்த வேண்டிய 1215 போன்ற வலைக்கு அந்த மிச்சம் போதவில்லை.

மின்சாரத்துக்கு அடுத்து உதிரிபாகம். அதற்கும் அடுத்து, பழைய டிரான்ஸ்மிட்டரைத் திறந்து வேலை செய்யத் தெரிந்த ஆள்.

ஒரே எண்ணில் பல கோபுரங்கள் என்றால் ஒன்றோடொன்று மோதாதா?

மோதும். அதனால் எல்லாக் கேரியரையும் ஒரே துடிப்பில் பூட்டி வைப்பார்கள். இரண்டு கோபுரங்களுக்கு இடையே வெறும் 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தாலும், இரண்டும் சம பலத்தில் வந்து சேரும் ஊரில் 10 விநாடிக்கு ஒரு முறை ஒலி அமுங்கி எழும். பூட்டினாலும் முழுத் தீர்வு இல்லை. ஒலி இரண்டு வழியாகச் சற்றே முன்பின்னாக வருவதால், நடுவில் உள்ள ஊர்களில் தொண்டைக்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். பகலில் இந்தப் பகுதி சிறியது, இரவில் விரியும்.

இரவில் ஏன் என்றால், வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் பகலில் மீடியம் வேவை விழுங்கும் ‘டி’ அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுகிறது. அலைகள் மேலே போய்ப் பட்டுத் திரும்புகின்றன. பகலில் 100 கிலோமீட்டரில் அடங்கிய நிலையம் இரவில் 1,000 கிலோமீட்டர் தாண்டும். தொலைவில் கேட்க விரும்புபவருக்கு அது வரம். உள்ளூரில் பாட்டு கேட்பவருக்குத் தொல்லை.

நிலையம் மூடியதும் அந்த எண் யாருக்குப் போகும்?

அரசின் ஒழுங்குமுறை அமைப்புக்குத் திரும்பும். பிரிட்டனில் அது ஆஃப்காம். பன்னாட்டுத் திட்டத்தில் அந்த நாட்டுக்கு உள்ள இடம் அழியாது. யாரும் கேட்காவிட்டால் எண் சும்மா கிடக்கும். அவ்வளவுதான்.

செல்பேசி நிறுவனங்களுக்கு விற்க முடியாதா?

முடியாது. மீடியம் வேவ் முழுவதும், 526.5 முதல் 1606.5 வரை, வெறும் 1,080 கிலோஹெர்ட்ஸ். அதில் 120 நிலையங்களுக்கு இடம். ஒரு சாதாரண 4ஜி கேரியர் 5 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், இந்த மொத்தப் பட்டையும் அதில் கால்வாசிகூட இல்லை. ஆன்டெனாவும் கையடக்கத்தில் வராது. ஏலத்தில் விலை போகாத அலை என்பதால்தான் கைவிடப்படுகிறது. அதே காரணத்தால்தான் சிறியவர்களுக்குத் திறந்துவிடவும் முடிகிறது. இதை அரசுகள் இன்னும் தாராளமாகச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அப்படித் திறந்துவிட்ட உதாரணம் உண்டா?

648 கிலோஹெர்ட்ஸ். அதன் பழைய எண் 647. 1978 வரை பிபிசியின் ரேடியோ 3 செவ்வியல் இசையை அதில்தான் தந்தது. எண் மாற்றத்துக்குப் பிறகு சஃபோக் கடற்கரையில் ஆர்ஃபோர்ட் நெஸ் என்ற இடத்திலிருந்து, 500 கிலோவாட்டில், பிபிசி உலக சேவை ஐரோப்பாவை நோக்கி ஒலித்தது. 2011 மார்ச்சில் அது நின்றது. ஆறு ஆண்டுகள் வெறுமை. 2017 டிசம்பர் 22 அன்று ரேடியோ கரோலின் அதே எண்ணில், அதே ஆர்ஃபோர்ட் நெஸ்ஸில் இருந்து, 1 கிலோவாட்டில் பாடத் தொடங்கியது. 1964இல் கடலில் நின்ற கப்பலிலிருந்து உரிமம் இல்லாமல் பாட்டுப் போட்ட அதே நிலையம்தான். பிறகு திறன் 4 கிலோவாட் ஆனது.

500 எங்கே, 1 எங்கே என்று தோன்றும். அலையின் பலம் வாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே 500இல் ஒரு பங்கு சக்தி என்றால், கேட்கும் பலம் 22இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. 4 கிலோவாட்டுக்கு உயர்த்தியதில் பலம் இரட்டிப்பானது. பக்கத்துக் கடற்கரை மாவட்டங்களுக்கு அது போதும்.

1440க்கு ஏன் அப்படி நடக்கவில்லை?

ரேடியோ லக்சம்பர்க் ‘208 மீட்டர்’ என்று பெயர் பெற்றது இந்த எண்ணில்தான். பிபிசி பாப் பாடல்களுக்கு நேரம் ஒதுக்காத காலத்தில் பிரிட்டிஷ் இளைஞர்கள் இரவில் இதைத்தான் தேடினார்கள். ஆங்கிலச் சேவை 1991 டிசம்பர் இறுதியில் மீடியம் வேவை விட்டது. மற்ற சேவைகள் 2015 டிசம்பர் 31 வரை தொடர்ந்தன. அடுத்த பிப்ரவரியில் லக்சம்பர்க்கின் மார்னாக் என்ற ஊரில் இருந்த அதன் கோபுரங்களை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள்.

648க்கும் 1440க்கும் உள்ள வேறுபாடு இதுதான். எண் எங்கும் போகாது, கோபுரம் போனால் போனதுதான். மீடியம் வேவ் கோபுரம் கால் அலைநீளம் உயரம் வேண்டும்: 1215க்குச் சுமார் 62 மீட்டர், 648க்கு 116 மீட்டர். கோபுரமேதான் ஆன்டெனா, அடியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போலச் செம்புக் கம்பிகள் புதைந்திருக்கும். முழு முறைப்படி 120 கம்பிகள். 1215க்கு அது 7.4 கிலோமீட்டர் செம்பு, 648க்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நிலம் விற்றுச் செம்பைத் தோண்டி எடுத்த பிறகு எந்தச் சிறு நிலையமும் அதைத் திரும்பப் போட முடியாது. மூடும் உத்தரவிலேயே, கோபுரத்தை இடிக்கும் முன் வேறு யாருக்காவது வேண்டுமா என்று இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என ஒரு வரி சேர்த்தால் பல எண்கள் பிழைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து 648ஐக் கேட்க முடியுமா?

நேரடியாக முடியாது. தொலைவு ஒருபுறம் இருக்க, 648 இந்தூர் வானொலியின் எண்ணும்கூட. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் நடத்தும் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரேடியோப் பெட்டியில் முயலலாம். எண் கட்டத்தில் 648 என்று தட்டி, ஏஎம் முறையைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டியின் இரு ஓரங்களையும் இழுத்து ஒவ்வொரு பக்கமும் 4 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு வையுங்கள். அருகே சீழ்க்கை கேட்டால் ஒரு பக்க ஓரத்தை மட்டும் உள்ளே தள்ளுங்கள். பிறகு 1215க்கும் 1440க்கும் போய்ப் பாருங்கள். ஓடும் படத்தில் ஒவ்வொரு நிலையமும் ஒரு வெளிச்சக் கோடு. நம் நேரம் மாலையிலும் நள்ளிரவிலும் ஒரே எண்ணைப் பார்த்தால், அங்கே பொழுது சாய்ந்ததும் கோடுகள் எப்படிப் பெருகுகின்றன என்று தெரியும்.

என் ரேடியோவில் 1215 என்ற எண்ணே வருவதில்லை. 1210, 1220 என்று தாவுகிறது.

அமெரிக்க 10 கிலோஹெர்ட்ஸ் படியில் இருக்கிறது. அமைப்பில் 9க்கு மாற்றுங்கள். இந்தப் பக்கத்தின் மூன்று எண்களில் 1440 மட்டும் இரண்டு படியிலும் வரும்.

பலவீனமான நிலையங்களைப் பிடிக்க வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மரச்சட்டத்தில் வயர் சுற்றிய ஆன்டெனா ஒன்று கட்டலாம். மின்சாரம் வேண்டாம், ரேடியோவைத் திறக்கவும் வேண்டாம்.

85 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மரச்சட்டங்களைக் கூட்டல் குறி போலப் பிணையுங்கள். நான்கு முனையிலும் 9 சென்டிமீட்டர் மரத்துண்டு ஒன்றைக் குறுக்கே அடித்து, 6 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 13 வெட்டுகள் போடுங்கள். பிளாஸ்டிக் உறை உள்ள ஒற்றை வயர் 33 மீட்டர் வாங்கி, வெட்டுக்கு ஒரு சுற்றாக 13 சுற்று சுற்றுங்கள். பக்கம் 60 சென்டிமீட்டர் உள்ள சதுரம் கிடைக்கும். வயரின் இரு முனைகளையும் 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (திருப்பினால் தகடுகள் நகரும் மின்தேக்கி) சாலிடர் செய்யுங்கள்: ஒன்று உடலுக்கு, மற்றது அசையாத தகடுகளுக்கு. பழைய வால்வு ரேடியோவின் 500 பிகோஃபாரட் கேங் கிடைத்தால் 11 சுற்று போதும்.

ரேடியோவை ஒரு மங்கலான நிலையத்தில் வைத்துச் சட்டத்துக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் பெரைட் தண்டு சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கேங்கை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று எழும். அதுதான் இசைவு.

எங்கே தவறும்? தகடுகள் முழுக்க மூடியும் 531 பக்கம் எட்டவில்லை என்றால் ஒரு சுற்று கூட்டுங்கள். முழுக்கத் திறந்தும் 1602 வரவில்லை என்றால் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, அவற்றுக்கு இடையிலான மின்தேக்கம் கூடியிருக்கிறது, இடைவெளியை அகட்டுங்கள் அல்லது ஒரு சுற்றைக் குறையுங்கள். கை பட்டதும் நிலையம் நழுவினால் கேங்கின் அச்சில் பிளாஸ்டிக் குமிழ் போடுங்கள். அலுமினியச் சட்டம் வேண்டாம். மூடிய உலோக வளையம் இன்னொரு ஷார்ட் ஆன சுற்றாக நின்று எல்லாவற்றையும் விழுங்கும்.

அளவு சரிபார்க்க நம் ஊர் எண்கள் உதவும்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269. ஒலிபரப்பு நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

ஆன்டெனா கட்டியும் இரைச்சல்தான் கூடுகிறது.

இரைச்சல் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். அமைதியானால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக் குற்றவாளியைப் பிடியுங்கள். எல்இடி பல்பு, செல்பேசி சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இன்வெர்ட்டர் நான்கும்தான் வழக்கமாக மாட்டும். வயர் மேல் மாட்டும் பெரைட் கிளிப்பை ஒரு முறை மாட்டினால் மீடியம் வேவில் பலன் குறைவு. பெரிய வளையமாக வாங்கி அதே வயரை 8 முதல் 10 சுற்று உள்ளே விட்டுச் சுற்றுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் சட்டத்தைத் திருப்புங்கள். அதன் முகம் இரைச்சலைப் பார்த்தபடி நிற்கும்போது இரைச்சல் விழும்.

காலியான எண்ணில் நானே ஒரு சிறு நிலையம் போடலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது, குற்றம். இந்தியாவில் சமுதாய வானொலிக்குத் தருவது எஃப்எம் மட்டுமே. 2004இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம்மும் அப்படித்தான். மீடியம் வேவில் தனியாருக்கோ ஊர்ச் சங்கங்களுக்கோ இடம் தரப்படவில்லை. தரக் கேட்பதில் தவறில்லை.

ஒரு நிலையம் மூடப்போகிறது என்று தெரிகிறது. எப்படிப் பதிந்து வைப்பது?

ஒலியை மட்டும் பதிவதைவிட எஸ்டிஆர் கருவியில் (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ) முழுப் பட்டையையும் பதிவது நல்லது. விநாடிக்கு 12.5 லட்சம் சாம்பிள், 16 பிட் என்றால் மீடியம் வேவ் முழுதும் அடங்கும். மணிக்கு 18 ஜிபி ஆகும். 500 ஜிபி டிஸ்க்கில் 27 மணி நேரம் கொள்ளும், ஆகவே கடைசி இரவு முழுவதையும் எடுத்துவிடலாம். கோப்பின் பெயரில் உலக நேரம், ஊர், ஆன்டெனா வகை மூன்றையும் எழுதுங்கள். கணினியின் கடிகாரத்தை முன்பே சரி செய்துகொள்ளுங்கள், தூங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். அறிவிப்பாளர் போன பிறகும் கேரியர் மௌனமாக நிற்கலாம். அது விழும் நொடியில் ரேடியோவின் பின்னிரைச்சல் சட்டென்று மேலே எழும். அத்தனை ஆண்டுகளாக அதன் அடியில் புதைந்திருந்த ஒரு தொலைதூர நிலையம், வேறு மொழியில், அங்கே பேசிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது பதிவை ஓடவிடுங்கள்.